அப்பா நடுவில் இருக்கும்போது அண்ணனோடு மறுபடி பேசத் தொடங்குவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: பாம்பனில் பிறந்து சாயல்குடிப் பக்கம் வாக்கப்பட்ட பெண் கேட்கிறார். அண்ணன் தங்கச்சிமடத்தில் குடியிருக்கிறார், விசைப்படகில் வேலை. அப்பாவுக்குக் குடியும் கைநீட்டலும் உண்டு. தொண்டியில் அவருக்கு இன்னொரு குடும்பம், அதில் ஒரு பையன். அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று நகையைப் பற்றி வந்த பேச்சில் அண்ணனும் தங்கையும் முறிந்து ஒன்பது ஆண்டாகிறது. அதன்பிறகு அண்ணனைப் பற்றிய சேதியெல்லாம் அப்பா சொல்லித்தான் தெரியும். வரும் வைகாசியில் மகனுக்குக் காதுகுத்து. அப்பா மாறப்போவதில்லை. அப்படியிருந்தும் அண்ணனோடு சேர முடியுமா, தொண்டித் தம்பியிடம் பேசலாமா?

பதில்:

சேர முடியும். ஆனால் அப்பாவைப் பற்றி இருவரும் ஒரே முடிவுக்கு வந்த பிறகுதான் சேர வேண்டும் என்று இருந்தால் கடைசிவரை நடக்காது. பல வீடுகளில் சமாதானப் பேச்சு முறிவது இந்த இடத்தில்தான். ஒரே கூரைக்குக் கீழே வளர்ந்தாலும் மூத்த மகன் பார்த்த அப்பா வேறு, இளைய மகள் பார்த்த அப்பா வேறு. படிப்பை நிறுத்தி வலை இழுக்கக் கூட்டிப்போய், கரையில் நாலு பேர் பார்க்க அடித்தவரை அண்ணன் அப்பாவாகப் பார்த்திருக்கலாம். அதே மனிதர் நிதானமாக இருந்த நாளில் மகளுக்கு மட்டும் மிக்சர் பொட்டலம் வாங்கி வந்திருக்கலாம். அம்மாவை அடித்த இரவுகளில் குறுக்கே போய் நின்றது மகளாக இருக்கலாம், அண்ணன் அப்போது கடலில் இருந்திருக்கலாம். இதில் யாருடைய அப்பா நிஜ அப்பா என்று தீர்க்க வேண்டிய வேலையே உங்களுக்கு இல்லை. அவர் பார்த்ததை அவர் வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் பார்த்தது உங்களோடு இருக்கட்டும். 'அப்பா செஞ்சது தப்புன்னு நீ ஒத்துக்கோ' என்று எந்தக் கட்டத்திலும் அண்ணனிடம் கேட்காதீர்கள். அவரும் உங்களிடம் அப்படிக் கேட்க நேர்ந்தால், 'அத விடுண்ணே, நம்மளப் பத்திப் பேசுவோம்' என்ற ஒரு வரி போதும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, சேதி எல்லாமே அப்பா வழியாக வந்தது என்பதுதான். அண்ணனிடம், 'ஒந் தங்கச்சி நகைக்குக் கேசு போடப் போறாளாம்' என்று ஒரு பேச்சு. உங்களிடம் போனில், 'ஒங்கண்ணன் நீ வாசப்படி ஏறக் கூடாதுன்னுட்டான்' என்று ஒரு பேச்சு. இரண்டையும் சொன்னது ஒரே வாய். பிள்ளைகள் பேசாமல் இருக்கும்வரை இரண்டு பேருக்கும் அவர் தேவைப்படுகிறார்: ஒருவர் அரிசி பருப்பு வாங்கிப் போடுகிறார், இன்னொருவர் செலவுக்குப் பணம் அனுப்புகிறார். அவர் இதைத் திட்டம் போட்டுச் செய்கிறாரா, தனியாகிவிடுவோம் என்ற பயத்தில் செய்கிறாரா என்பதை ஆராய வேண்டாம். விளைவு ஒன்றுதான்.

ஆகவே போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். அண்ணன் உங்களுக்குச் செய்ததாக மனதில் இருக்கும் ஒவ்வொன்றையும் எழுதி, பக்கத்தில் 'கண்ணால் பார்த்தது', 'காதால் கேட்டது' என்று குறியுங்கள். கேட்டதில் அப்பா சொன்னதை எல்லாம் அடித்துவிடுங்கள். பெரும்பாலும் மிஞ்சுவது பதினாறாம் நாள் பேச்சும், அதன்பிறகு இரண்டு பக்கமும் வராமல் போன ஓரிரண்டு விசேஷமும்தான். அண்ணன் பக்கத்திலும் இதே அளவுக்குப் பொய்க் கணக்கு ஏறியிருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், முதல் பேச்சில் அவர் குரல் கடினமாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது அவருடைய போன் எண். அதை அப்பாவிடம் கேட்கக் கூடாது. அப்பாவுக்குக் கடன்படாத, அவரிடம் போய்ச் சொல்ல வேண்டிய அவசியமில்லாத ஒருவரைப் பாருங்கள்: அம்மா வழிச் சித்தி, அண்ணனோடு படகில் போகிறவரின் மனைவி, பள்ளிக்கூடத் தோழி, யாராகவும் இருக்கலாம். அவரிடம் எண்ணை மட்டும் வாங்குங்கள். 'எனக்காக நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க' என்று தூது அனுப்ப வேண்டாம். நல்லெண்ணத்தோடு போகிறவர்கூட, 'பாவம், அழுதுட்டு இருக்கா, நீதான் எறங்கி வரணும்' என்று தன் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிடுவார். அது அண்ணன் காதில் குற்றச்சாட்டாக விழும்.

நேரத்தைப் பாருங்கள். விசைப்படகுக்காரர் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை. வந்ததும் மீனை ஏலம் போட வேண்டும், டீசல் கணக்குப் பார்க்க வேண்டும், பங்கு பிரிக்க வேண்டும், பிறகு தூக்கம். அந்த நாளில் வரும் சேதிக்கு ஒழுங்கான பதில் வராது. மீன் பாடு சரியில்லாத நாளாக இருந்தால் எரிச்சலும் சேரும். கடலுக்குப் போகாத நாளின் மாலை நேரம் நல்லது. (இதே நிலையில் கீழக்கரை, தேவிபட்டினம் பக்கத்தில் இருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உடன்பிறந்தவர் சவூதியில் இருந்தால் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் சாப்பிட்டு ஓய்ந்த நேரம்தான் ஏற்றது.)

முதலில் அழைக்காதீர்கள், எழுதுங்கள். திடீரென்று அடிக்கும் போன், எடுத்த கணத்திலேயே பதில் சொல்லியாக வேண்டிய நிலையில் அவரை நிறுத்தும். குரல் பதிவும் முதலில் வேண்டாம். அது வீட்டில் நாலு பேர் காதில் ஒலிக்கும், அழுகை இருந்தால் அதற்கு ஆளுக்கொரு அர்த்தம் எடுப்பார்கள். நாலைந்து வரிக்கு மேல் போகாமல், சின்ன வயதில் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே எழுதுங்கள். 'நீ' என்று பேசிப் பழகியவர் திடீரென்று 'நீங்கள்' போட்டால் அந்நியமாக இருக்கும். மாதிரிக்கு:

'அண்ணே, நான் பாப்பா. இது என் நம்பர். நீ, மதினி, பிள்ளைக எல்லாம் நல்லா இருக்கீகளா? அம்மா போனதுக்கப்புறம் உன்னை நெனைக்காத நாள் இல்லண்ணே. பழசு எதையும் கேக்க வரல. உனக்கு எப்பப் பேசணும்னு தோணுதோ அப்பப் பேசு.'

இதில் அப்பா இல்லை, வீடு இல்லை, நகை இல்லை, காதுகுத்து இல்லை. காதுகுத்தைச் சேர்த்தால், 'காரியம் ஆக வேண்டியிருக்கு, அதான் அண்ணன் ஞாபகம்' என்று ஆகிவிடும். 'மன்னிச்சிரு' என்று எழுதலாமா என்றால், நீங்கள் சொன்ன எந்தச் சொல்லுக்கு வருந்துகிறீர்கள் என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்தால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கேளுங்கள். பொத்தாம்பொதுவாகக் கேட்ட மன்னிப்பு பிறகு உங்கள் மனதிலேயே கடனாக நிற்கும்.

படித்துவிட்டதாகக் காட்டியும் பதில் வராமல் போகலாம். அது மறுப்பு என்று முடிவு கட்ட வேண்டாம், ஒன்பது ஆண்டுக்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியாத ஆண்கள்தான் அதிகம். ஒரு மாதம் விட்டு, பொங்கல் மாதிரி ஒரு நாளில், ஒரு வரி வாழ்த்து அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ஐந்தாறு மாதம் சும்மா இருங்கள். விடாமல் அனுப்பினால், பேச நினைப்பவரும் கதவைச் சாத்துவார்.

பதில் வந்து இரண்டு மூன்று முறை போனில் பேசியான பிறகு நேரில் பாருங்கள். அப்பா வீட்டில் வேண்டாம், உங்கள் மாமியார் வீட்டிலும் வேண்டாம், அண்ணனைத் தெரிந்தவர்கள் நிறைந்த தங்கச்சிமடம் கடைத்தெருவிலும் வேண்டாம். உச்சிப்புளியை அடுத்த அரியமான் கடற்கரை மாதிரி ஓர் இடம் சரிவரும். சவுக்கு நிழல் உண்டு, குடும்பமாக வருகிறவர்கள் நடுவில் உங்களை யாரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள், எழுந்து நடக்கவும் இடம் இருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்தால் நியாயம் கேட்கிற தோரணை வந்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் பேச்சு தானாக வரும். அவரவர் வண்டியில் வந்து அவரவர் வண்டியில் திரும்புங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், ஆனால் முதல் சந்திப்புக்கு அவர் வர வேண்டியதில்லை. பையனை அழைத்துப் போகலாம். மருமகனைப் பார்க்காமலே எட்டு வயதாகிவிட்டது என்றால், சிப்பி பொறுக்கிக் கொண்டுவந்து கையில் கொடுக்கிற பிள்ளையிடம் தாய்மாமன் முதலில் பேசிவிடுவார், உங்களிடம் பேசுவது அதற்குப் பிறகு எளிதாகும். கையில் ஏதாவது கொண்டுபோக நினைத்தால் அம்மா கைப்பக்குவத்தில் ஒரு கணவாய்த் தொக்கோ நெத்திலிப் பொரியலோ கொண்டுபோங்கள். விலை கூடிய பொருள் வேண்டாம், திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற கணக்கு அதில் தொடங்கும்.

அன்று ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: 'அப்பாவ வச்சுக்கிட்டு நீ எப்படிண்ணே சமாளிச்ச?' ஊரை விட்டு வாக்கப்பட்டுப் போனவர் தான் ஒதுக்கப்பட்டதாக நினைக்கிறார். பக்கத்தில் இருந்தவர், 'நீ தப்பிச்சுப் போயிட்ட, எல்லாம் என் தலையில விழுந்துச்சு' என்று நினைக்கிறார். குடித்துவிட்டு விழுந்து கிடந்த அப்பாவைத் தூக்கி வந்த இரவுகள் அண்ணனுக்கு இருக்கும், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற நாள் இருக்கும். அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உங்கள் பக்கத்தைச் சொல்லாதீர்கள்.

மதினியைத் தாண்டிப் போக முயல்வது பெரிய தவறு. ஒன்பது ஆண்டாக உங்களைப் பற்றிக் கெட்டதை மட்டுமே கேட்டு, கணவருக்குப் பக்கபலமாக நின்றவர் அவர். அண்ணனும் தங்கையும் ஒரே நாளில் கூடிக்கொண்டால், இத்தனை நாள் நின்ற தன் நிலை என்ன என்று அவருக்கு வலிக்கும். இரண்டாவது போனிலேயே 'மதினிட்ட குடுண்ணே' என்று கேட்டு அவர் உடம்பை, பிள்ளைகளின் படிப்பை விசாரியுங்கள். உங்கள் வீட்டுக்காரரிடமும் இதே பொறுமை வேண்டும், அவர் மச்சானைப் பற்றி அறிந்ததும் உங்கள் அழுகை வழியாகத்தான். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட வேண்டாம், பாம்பனுக்குச் சேதி அப்படித்தான் முதலில் போகும்.

எப்படியும் அப்பாவுக்குத் தெரியவரும். வழக்கமாக நடப்பது மூன்று: திடீரென்று நெஞ்சு வலி, அழுகை, இல்லையென்றால் 'வீட்டை தொண்டியானுக்கு எழுதி வச்சிர்றேன்' என்ற மிரட்டல். நெஞ்சு வலி என்றால் நடிப்பு என்று தீர்மானிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், ஆனால் அதற்காகப் பேச்சை நிறுத்தாதீர்கள். அவரிடம் என்ன சொல்வது என்று அண்ணனும் நீங்களும் முன்கூட்டியே ஒரு வரியை முடிவு செய்துகொள்ளுங்கள்: 'நாங்க பேசிக்கிறோம்ப்பா, ஒங்களுக்குச் செய்றதுல கொறை வராது.' இருவர் வாயிலிருந்தும் அதே வரி வர வேண்டும். இன்னொரு கட்டுப்பாடும் வேண்டும். மற்றவரைப் பற்றி அப்பா எது சொன்னாலும் அன்றைக்கே நேராகப் போன் போட்டு, 'இப்படி ஒரு பேச்சு வந்துச்சு, என்ன சேதி?' என்று கேட்டுவிட வேண்டும். இரவு தாண்டினால் அது வேர் பிடிக்கும்.

காதுகுத்துக்கு வருவோம். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்துவது இங்கே லேசாக விட்டுவிடக்கூடிய முறை இல்லை, அதனால்தான் உங்களுக்கு மனது அடித்துக்கொள்கிறது. ஆனால் அந்த நாளையே முதல் சந்திப்பாக வைத்துக்கொள்ளாதீர்கள். பந்தலில் யாராவது ஒருவர், 'இப்பத்தான் தங்கச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாளோ' என்று கேட்பார், அத்தோடு எல்லாம் போகும். தை மாசியிலேயே பேச்சு தொடங்கி, பங்குனிக்குள் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், பிறகு அழைக்கலாம். அழைக்கும்போது நீங்களும் வீட்டுக்காரரும் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகையோடு நேரில் போய், அண்ணனையும் மதினியையும் சேர்த்து நிற்க வைத்துக் கொடுக்க வேண்டும். வைகாசி என்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அண்ணன் கரையில் இருப்பார், கையில் காசு இருக்காது. சீர்த்தட்டு, பவுன், ஆட்டுக்கிடாய் என்று முறை செய்ய முடியாத கூச்சத்திலேயே வராமல் போகிறவர்கள் உண்டு, அதைப் பகை என்று ஊர் பேசும். பத்திரிகை வைக்கும்போதே, 'மருமகனுக்கு ஒரு வேட்டி சட்டை போதும்ண்ணே, நீ வந்து மடியில வச்சுக்கிட்டா சரி' என்று மதினி முன்னால் சொல்லிவிடுங்கள். விட்டுப்போன ஆண்டுகளின் மொய்க் கணக்கை அன்று யாரும் நோட்டில் தேட வேண்டாம்.

நகையும் வீடும் தனிப் பேச்சு. உறவு தொடங்கி ஓராண்டாவது ஆகட்டும், அதுவரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவும் வேண்டாம், போடச் சொல்லவும் வேண்டாம். கடற்கரை வீடுகளில் அம்மாவின் நகை பெரும்பாலும் போவது எஞ்சினுக்கும் வலைக்கும் டீசலுக்கும் வைத்த அடகில்தான். மீட்காமல் விட்டு ஏலத்தில் போனது அண்ணனுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். 'நகை எங்க' என்று கேட்பதைவிட 'அடகுச் சீட்டு ஏதும் பாத்தியாண்ணே' என்று கேளுங்கள். சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்தில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. உங்கள் வீட்டில் அப்பா, அண்ணன், நீங்கள் என்று மூன்று பங்கு. தொண்டிப் பையனுக்கு இதில் பங்கு கிடையாது.

வீடு அப்பா சுயமாகச் சம்பாதித்ததென்றால் அவர் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகளுக்கு உரிமை இல்லை, யாருக்கும் கொடுக்கலாம். பூர்வீகச் சொத்தென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை பிறப்பிலேயே உண்டு. உயில் எழுதிவிட்டதாக அவர் சொன்னால் பதற வேண்டாம், உயிலை இறக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுத்துப் பதிவு செய்த தான செட்டில்மெண்ட் அப்படியில்லை, அதைத் தன்னிச்சையாக ரத்து செய்வது கடினம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். நத்தம் பட்டாவோ புறம்போக்கோ என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதி செய்யுங்கள், கரையோரத்தில் இது முக்கியம். பிற்பாடு மனமொப்பி விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. பேச்சு முட்டினால் ராமநாதபுரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள் (தொலைபேசி 15100). வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு உதவி இலவசம்.

அப்பாவைப் பார்த்துக்கொள்வதில் பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள், அண்ணன் கையிலும் கொடுக்காதீர்கள். மளிகைக் கடைக்கு, மருந்துக் கடைக்கு, கரண்டு பில்லுக்கு நேராகக் கட்டுங்கள். யார் எதைக் கட்டுகிறார் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். பராமரிக்கவில்லை என்று, பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்க உத்தரவு வரலாம், இருவரும் ஒற்றுமையாகச் செய்துவந்தால் அதற்கு அவசியம் வராது. அவரை நேரில் பார்க்க உங்களுக்கு மனமில்லை என்றால் பார்க்காமலே இதைச் செய்யலாம். மகள் வந்து பார்த்தால்தான் அண்ணன் பேசுவார் என்று யாராவது நிபந்தனை போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே சொன்னதெல்லாம் அண்ணன் உங்களுக்குத் தீங்கு செய்யாதவர் என்ற கணக்கில் சொன்னது. உடன்பிறந்தவரே கை நீட்டியவராகவோ தகாதபடி நடந்தவராகவோ இருந்தால் இந்த வழி பொருந்தாது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் முதலில் பெண்கள் உதவி எண் 181-இல் பேசட்டும்.

தொண்டித் தம்பியிடம் கட்டாயம் பேசலாம், ஆனால் அண்ணனோடு பேச்சு நிலைத்த பிறகு, அண்ணனிடம் சொல்லிவிட்டு. தெரியாமல் பேசினால் மறுபடியும் ஒரு முதுகுக்குப் பின்னால் கதை தொடங்கும். அந்தப் பையன் எதையும் தேர்ந்தெடுத்துப் பிறக்கவில்லை. அவனுக்கும் வந்துபோன அப்பாதான் கிடைத்திருப்பார். 'தம்பி' என்றே கூப்பிடுங்கள், அவன் அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். தொண்டியில் அப்பா கல்யாணம் செய்திருந்தால், அது சட்டப்படி செல்லாததாக இருந்தாலும், அவர் உயிலில்லாமல் இறந்தால் அவருடைய சுயசம்பாத்தியத்தில் அவனுக்கும் உங்கள் இருவருக்கும் உள்ள அதே பங்கு உண்டு. அதை முன்பே ஏற்றுக்கொண்டு போனால் பின்னால் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்காக மோதிக்கொள்ள வேண்டியிருக்காது.

இன்னொன்றை அப்பா நன்றாக இருக்கும்போதே அண்ணனோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் இறந்தால் உங்களுக்கு யார் சொல்வது? ஊர் வாய் வழியாக அரைநாள் கழித்துத் தெரிந்து, 'எனக்குச் சொல்லக்கூட இல்லை' என்று அன்றே மறுபடி முறிந்த குடும்பங்கள் உண்டு. அண்ணன் முதல் போனை உங்களுக்குப் போட வேண்டும். நீங்கள் நேராக வீட்டுக்கு வந்து மதினி பக்கத்தில் உட்கார வேண்டும். தொண்டிக்கு யார் சொல்வது, அவர்கள் வந்தால் எங்கே உட்கார்வது, கொள்ளி யார் வைப்பது, பதினாறு வரை சொத்துப் பேச்சு எடுக்கக் கூடாது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். எழுதி வைக்க வேண்டியதில்லை. மதினிக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருந்தால் போதும்.